ஒளிவழி காட்டிய டிண்டால்

அயர்லாந்து நாட்டின் தென்கிழக்கில் கார்லோ என்னும் கோட்டம் ஒன்று உண்டு. பாரோ என்னும் ஆறு அதனூடே ஓடுகின்றது. அவ்வாற்றின் குறுக்கே அமைந்த பழைய கற்பாலம் ஒன்றைச் சார்ந்து எழுந்த சிற்றூர் லெய்லின்பிரிட்ஜ் ஆகும். அவ்வூரில் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் ஜான் டிண்டால் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் டிண்டால் என்பதே. அவர் காவல் துறையில் சிறு பணியாளர். காலணி தைக்கும் தொழிலும் அறிந்தவர். பொருள் வளம் இல்லாத குடும்பமாயினும், நூல்களைப் படிப்பதிலும் படித்ததை வாதிட்டுத் தெளிவதிலும் தந்தைக்கு இருந்த வேட்கை மைந்தர்க்கும் வாய்த்தது.

அந்நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்க்கும் புராட்டஸ்டண்டு சமயத்தார்க்கும் இடையே பிணக்கு மிகுதி. டிண்டாலின் குடும்பத்தார் புராட்டஸ்டண்டு சமயத்தைச் சார்ந்தவர். அச்சுற்றுப்புறத்தில் கணக்கை ஐயந்திரிபறக் கற்பிக்க வல்லவராய் விளங்கியவரோ கான்வில் என்னும் கத்தோலிக்க ஆசிரியர். கல்விக்குச் சமய வேலி இல்லை என்று கருதிய தந்தையார் மகனை அவரிடமே அனுப்பினார். அங்கே வடிவக் கணிதமும் நில அளவை முறையும் கற்ற டிண்டால், 1839ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாம் வயது நிரம்புமுன், அரசாங்க நில அளவைத் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார்.

கார்க் நகரில் பணியாற்றிய காலத்தில், மேலதிகாரி ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு, ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றாய் என்று வினவினார். நாள்தோறும் சில மணி நேரம் முறையாகக் கற்றால் பெருநிலை எய்தலாம் என்றும் கூறினார். மறுநாள் வைகறை ஐந்து மணிக்கு முன்னரே டிண்டால் நூலும் கையுமாக அமர்ந்துவிட்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வழக்கத்தினின்று அவர் வழுவவில்லை. அறிவுரை கேட்போர் உலகில் பலர். மறுநாள் விடியலிலேயே அதனைச் செயலாக்குவோர் மிகச் சிலர்.

1842ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திலுள்ள பிரஸ்டன் நகர் அலுவலகத்திற்கு மாற்றப்பெற்றார். ஆங்கே அயர்லாந்துப் பணியாளர் பெற்ற கூலி குறைவு. நடத்தப்பட்ட முறையும் நேர்மையற்றது. டிண்டால் தோழர்களோடு சேர்ந்து முறையீடு எழுதினார். செய்தித்தாளிலும் புனைபெயரில் கடிதங்கள் வரைந்தார். அதன் பயனாக 1843ஆம் ஆண்டு அவரும் உடன்பட்டோரும் வேலையினின்று நீக்கப்பட்டனர். பிறர்க்கு உரியதைப் பிறர் பெறவேண்டும் என்னும் இவ்வுறுதி அவருடைய வாழ்க்கை முழுவதும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதை மேலே காண்போம்.

பின்னர் மூன்று ஆண்டுகள் புகைவண்டிப் பாதைகளுக்கு நிலம் அளக்கும் தொழிலில் ஈடுபட்டார். அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இருப்புப்பாதை அமைக்கும் வெறி தலைக்கேறி நின்றது. அளவையாளர்க்கு இரவும் பகலும் ஓயாத வேலை. அவ்வெறி தணிந்ததும், 1847ஆம் ஆண்டு, ஹாம்ப்ஷயரிலுள்ள குவீன்வுட் கல்லூரியில் கணித ஆசிரியரானார். அங்கே வேதியல் கற்பித்தவர் எட்வர்டு பிராங்க்லண்டு. இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் அமைந்தனர். மேலும் கற்கவேண்டும் என்னும் ஆர்வம் மிகவே, 1848ஆம் ஆண்டு இருவரும் ஜெர்மனியிலுள்ள மார்பர்க்குப் பல்கலைக் கழகத்திற்குச் சென்றனர்.

டிண்டாலுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. மொழி புதிது, கையிருப்போ சிறிது. பணம் தீருமுன் பட்டம் பெறவேண்டும் என்னும் நெருக்கடியில், நாள் ஒன்றுக்குப் பதினாறு மணி நேரம் உழைத்தார். புகழ்பெற்ற புன்சனிடம் வேதியல் பயின்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் 1850இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் காந்தத்தால் விலக்கப்படும் பொருள்களைப் பற்றி நோப்லாக்கு என்னும் பேராசிரியருடன் கூடி ஆராய்ந்தார். இவ்வாராய்ச்சி அவருக்கு அறிஞர் உலகில் பெயரைத் தேடித் தந்தது. ஆனால் வேலையைத் தேடித் தரவில்லை. கனடா நாட்டு டொரான்டோவில் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்தார். அவருடைய நண்பரான ஹக்ஸ்லியும் விண்ணப்பித்தார். பின்னாளில் உலகப் புகழ் எய்திய இவ்விருவரும் அன்று ஏற்கப்படவில்லை.

1853ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் இலண்டன் ராயல் நிலையத்தில் மாலைச் சொற்பொழிவு ஒன்று நிகழ்த்தும் வாய்ப்பு டிண்டாலுக்குக் கிடைத்தது. கடினமான பொருளை அவர் தெளிந்த சொற்களாலும் கண்முன் செய்து காட்டிய சோதனைகளாலும் விளக்கிய திறம் அவையோரைப் பிணித்தது. அவ்வாண்டிலேயே அந்நிலையத்தின் இயற்பியல் பேராசிரியராக அவர் அமர்த்தப்பெற்றார். அங்குத் தலைமை பெற்று விளங்கியவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகனாய்ப் பிறந்து, நூற்கட்டுத் தொழில் பயின்று, மின்னியலின் தந்தையாய் உயர்ந்த அப்பெரியாரிடம் டிண்டால் கொண்ட அன்பு, மகன் தந்தையிடம் கொள்ளும் அன்பை ஒத்தது.

மறு ஆண்டு, 1854 மே மாதத்தில், நீர்த்தாரைகளின் இயக்கத்தைப் பற்றி டிண்டால் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அன்று அவர் பாரடேயின் யோசனைப்படி ஒரு காட்சியைச் சேர்த்துக் கொண்டார். நீர் நிறைந்த தொட்டி ஒன்றின் பக்கத்தில் ஒரு துளை. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாளரம். துளையைத் திறந்தவுடன் நீர் வெளிப்பட்டு, வில்லென வளைந்து கீழே வீழ்ந்தது. சாளரத்தின் வழியாக வலிய ஒளிக் கற்றையை உட்செலுத்தி, அரங்கின் விளக்குகளை அவித்தனர். நேர்கோட்டில் செல்வதே இயல்பாகவுடைய ஒளி, துளையைக் கடந்ததும் நேரே சென்று எதிர்ச் சுவரில் படவில்லை. நீர்த்தாரையோடு தானும் வளைந்து, நீர் வீழ்ந்த இடத்திலே வீழ்ந்தது. இருள் சூழ்ந்த அவையில் ஒளியே நீராக வழிந்தது போன்ற தோற்றத்தைக் கண்டோர் வியந்தனர்.

இதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். நீரினின்று காற்றிற்குச் செல்லும் ஒளி, எல்லைத் தளத்தில் சிறிது சாய்ந்து வெளியேறுவது வழக்கம். ஆனால் அஃது அத்தளத்திற்குரிய செங்குத்துக் கோட்டினின்று ஏறத்தாழ 48½ பாகைக்கு மேற்பட்ட சாய்வுடன் வந்து படுமாயின், வெளியேறும் வழி அதற்கு அடைபட்டு விடுகின்றது. படிந்த ஒளி முழுவதும் நீருக்குள்ளேயே திருப்பி அனுப்பப்படுகின்றது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். எவ்வளவு நன்றாக மெருகிட்ட ஆடியும் தன்மேல் பட்ட ஒளியில் ஒரு சிறு பங்கை விழுங்கி விடும்; இந்த நீர்ச்சுவரோ விழுங்குவதில்லை. தாரையின் ஒரு சுவரில் மோதிய ஒளி மறு சுவருக்கும், அங்கிருந்து மீண்டும் இச்சுவருக்குமாக மாறி மாறித் தாவிச் செல்கின்றது. ஒளி உண்மையில் வளையவில்லை. நேர்கோட்டுத் துண்டுகள் பலவாக மடிந்து சென்றது என்பதே பொருந்தும்.

நீருக்குப் பதிலாகக் கண்ணாடியைக் கொண்டால் என்னாகும்? கண்ணாடியை உருக்கித் தலைமயிரினும் மெல்லிய இழையாக இழுத்தால், அவ்விழையும் ஒளியைத் தன்னுள் ஏந்திச் செல்லும். ஆயினும் பழைய கண்ணாடியில் கலந்திருந்த மாசுகள் ஒளியைச் சில மீட்டர் தூரத்திலேயே தேயச் செய்தன. மாசு நீங்கினால் தொலைவிற்குச் செய்தி அனுப்பலாம் என்பதைச் சார்லசு காவோ என்பவர் ஹாக்கம் என்பவரோடு சேர்ந்து 1966இல் எடுத்துக் காட்டினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங்கு நிறுவனத்தார் அத்தகைய தூய இழையைச் செய்து முடித்தனர். இன்று கடலடியிற் கிடந்து கண்டங்களை இணைக்கும் செய்தி வடங்கள் யாவும் இக்கண்ணாடி இழைகளால் ஆனவையே. காவோவுக்கு 2009ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

ஒளியைச் சுமந்து செல்லும் வெறும் வாய்க்காலாக மட்டும் இவ்விழை அமைந்துவிடவில்லை. அதனுள் செல்லும் ஒளியின் நிறமே மாறுவதுண்டு என்பது பின்னர்த் தெரிய வந்தது. ஒளி என்பது அலை. அவ்வலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்பதே அதன் நிறத்தை வரையறுக்கின்றது. 1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் பிராங்கன் என்பவரும் அவருடைய தோழரும் மாணிக்க லேசரின் செந்நிற ஒளியைக் குவார்ட்சுப் படிகத்தினுள் செலுத்தினர். மறுபக்கத்தில் அதன் இருமடங்கு அதிர்வெண்ணையுடைய புற ஊதா ஒளி சிறிதளவு தோன்றிற்று. அதற்குச் சான்றான நிழற்படத்தில் அவ்வொளி ஒரு சிறு புள்ளியாகவே பதிந்திருந்தது. ஆராய்ச்சி இதழில் அப்படத்தை அச்சிட்ட காலை, அப்புள்ளியை ஏதோ அழுக்கென்று கருதித் துடைத்துவிட்டனர். அதனைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் வெறுமையைச் சுட்டிக் கொண்டு அச்சேறியது!

படிகத்தில் நிகழும் இம்மாற்றம் கண்ணாடியில் நிகழாது என்றே அறிஞர் கருதினர். காரணம் வெளிப்படை. குவார்ட்சு போன்ற படிகத்தின் உள்ளமைப்பில் ஒரு பக்கச் சாய்வு உண்டு. ஒளியலை அதிலுள்ள மின்துகள்களை ஒரு திசையில் தள்ளும்போது அவை சற்று அதிகமாகவும், எதிர்த்திசையில் தள்ளும்போது சற்றுக் குறைவாகவும் அசைகின்றன. இந்த ஏற்றத் தாழ்வே இருமடங்கு அதிர்வுடைய புதிய அலையைப் பிறப்பிக்கின்றது. கண்ணாடியிலோ அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. அதனால் எத்திசையும் அதற்கு ஒன்றே. இருபுறமும் சமமாக அசையும் இடத்தில் இருமடங்கு அலைக்கு இடமில்லை.

இக்கருத்தை அசைத்தது ஓர் எளிய சோதனை. ஆஸ்டர்பர்க்கு, மார்குலிஸ் ஆகிய இருவர், நொடிக்கு 282 லட்சம் கோடி முறை அதிரும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர் ஒளியை ஒரு கண்ணாடி இழையுள் பல மணி நேரம் விடாது செலுத்தினர். இழையின் உள்ளகத்தில் ஜெர்மானியமும் பாஸ்பரஸும் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் குறிப்பிடத்தக்கது ஒன்றும் இல்லை. நேரம் செல்லச் செல்ல இழையின் முனையில் பச்சை ஒளி அரும்பி, வளர்ந்து, பளிச்சென ஒளிர்ந்தது. அஃது 564 லட்சம் கோடி முறை அதிரும் ஒளி. உட்சென்றதன் சரியான இருமடங்கு. 1986இல் இச்செய்தி வெளியாயிற்று. மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த ஸ்டோலன், டாம் ஆகியோர், அகச்சிவப்பு ஒளியோடு சிறிது பச்சை ஒளியையும் முதலிலேயே கூட்டி அனுப்பினால், பல மணி நேரப் பயிற்சி சில நிமிடங்களில் முடிந்து விடுவதைக் காட்டினர்.

இழைக்கு இப்பயிற்சி என்ன செய்தது? இருவகை ஒளியும் கூடிக் கண்ணாடியினுள் மின்னேற்றங்களை இடம் பெயர்த்து, ஒரு நிலையான மின்புலத்தை அங்கே எழுதிவிட்டன. அம்மின்புலம் கண்ணாடிக்கு இல்லாதிருந்த ஒருபக்கச் சாய்வைத் தந்தது. அஃதன்றியும் ஒரு வியப்பு உண்டு. பச்சை ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் கண்ணாடியில் ஒரே வேகத்தில் செல்வன அல்ல. ஆதலின் இழையின் ஓரிடத்தில் பிறந்த பச்சை அலை, பிறிதோரிடத்தில் பிறந்ததோடு அடி ஒவ்வாமல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒளி தானே எழுதிய அம்மின்புலமோ, தக்க இடைவெளிதோறும் திசை மாறி மாறி அமைந்து, பிறந்த அலைகள் யாவும் ஒரே நடையில் சேருமாறு செய்தது. பின்னர் 1991இல், கண்ணாடியை ஏறத்தாழ 300 பாகை அளவிற்குச் சூடேற்றிச் சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தத்தின்கீழ் வைத்துக் குளிரச் செய்தாலும் அச்சாய்வு அதில் நிலைத்து நிற்கும் என்று கண்டனர். நெடுங்காலம் செயலற்றதெனக் கருதப்பட்ட கண்ணாடி, பக்குவப்படுத்தினால் படிகத்தின் தொழிலையும் செய்யவல்லது என்பது இவ்வாறு புலனாயிற்று.

இனி, நீர்த்தாரைக் காட்சிக்குத் திரும்புவோம். ஏறத்தாழ நூறாண்டுக் காலம், ஒளியை முதன்முதல் வளைத்துக் காட்டியவர் டிண்டாலே என்று நூல்கள் எழுதி வந்தன. கண்ணாடி இழையைப் பற்றிய நூல்கள் பல அவர் பெயரோடுதான் தொடங்கின. உண்மை அதுவன்று. சுவிட்சர்லாந்திலுள்ள ஜெனீவாவில் டேனியல் கொலாடன் என்னும் பேராசிரியர் 1841ஆம் ஆண்டிலேயே, தம் மாணவர்க்கு நீர்த்தாரையின் வடிவத்தை இருட்டறையில் நன்கு காட்டும் பொருட்டு, அதே முறையைக் கையாண்டார். மறு ஆண்டு பாரிசு அறிவியற் கழகத்தின் இதழில் அதனை எழுதியும் வெளியிட்டார். பாரிசில் பாபினே என்பவரும் ஏறக்குறைய அக்காலத்தே வளைந்த கண்ணாடிக் கோலின் வழியே ஒளியைச் செலுத்தியிருந்தார். பாரிசு நாடக அரங்கில் ஒளிநீர் ஊற்று 1853இலேயே காட்சிக்கு வந்துவிட்டது. தம் முதுமையில், 1884ஆம் ஆண்டு, கொலாடன் தம் கண்டுபிடிப்பின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை எழுதி நினைவூட்டினார். கேட்டோர் சிலர், நினைவிற் கொண்டோர் அவரினும் சிலர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய இதழ்களைத் துருவி ஆராய்ந்த பின்னரே கொலாடனுக்குரிய இடம் அவருக்குக் கிடைத்தது.

டிண்டால் பிறர் புகழைக் கவர்ந்தார் என்று கூறுதல் தகாது. பாரடே கூறிய சோதனையை அவர் செய்து காட்டினார், நன்றாகச் செய்து காட்டினார், அவ்வளவே. அவருடைய நூல்களை ஆயிரக்கணக்கானோர் படித்ததால் அவர் பெயர் நிலைத்தது. ஆயினும், இத்தகைய மறதி எவ்வளவு கொடியது என்பதை டிண்டால் நன்கு அறிந்தவர் என்பதே வியப்பு. ஜெர்மனியில் ஹைல்பிரான் என்னும் ஊரில் இராபர்ட்டு மேயர் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாக மாறுமேயன்றி அழியா என்னும் பேருண்மையை 1842இலேயே எழுதியவர் அவர். எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஏளனமும் குடும்பத் துயரமும் அவரை வருத்தின. 1850இல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, பின் சில காலம் மனநோய் விடுதியிலும் அடைபட்டுக் கிடந்தார். 1862ஆம் ஆண்டு டிண்டால் இலண்டன் அவையில் எழுந்து, அக்கொள்கையின் பெருமையை விரித்துரைத்து, இறுதியில் அதனைக் கண்டவர் மேயர் என்று அறிவித்தார். அறிவியல் உலகில் பெரும் பூசல் மூண்டது. தங்கள் நாட்டு ஜூலுக்குரிய புகழைத் தாழ்த்துகின்றார் என்று ஆங்கில அறிஞர் சிலர் கடுமையாகச் சாடினர். ஜூலின் அளவைகளைத் தாம் குறைத்துக் கூறவில்லை என்று விளக்கிய டிண்டால், மேயரின் உரிமையை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. 1870இல் ஜூலும் 1871இல் மேயரும் இலண்டன் ராயல் கழகத்தின் காப்ளிப் பதக்கத்தைப் பெற்றனர்.

இவ்வாறு பிறர்க்காக வாதாடிய டிண்டாலின் மற்றொரு புகழிலும் இன்னொருவர் பங்கு மறைந்து கிடந்தது. 1859ஆம் ஆண்டு முதல் அவர் வாயுக்கள் வெப்பக் கதிர்களை எவ்வாறு தடுக்கின்றன என்பதை ஆராய்ந்தார். நீண்ட குழாய் ஒன்றின் இருமுனைகளையும் பாறையுப்புத் தகட்டால் அடைத்தார்; கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுக்கும், பாறையுப்புத் தடுக்காது என்பதே காரணம். ஒருபுறம் வெப்பம் வீசும் பொருளை வைத்தார். மறுபுறம் மிக நுண்ணிய வெப்பமாற்றத்தையும் மின்னோட்டமாகக் காட்டும் கருவியை அமைத்தார். குழாயில் உயிர்வளியும் நைட்ரஜனும் இருந்தபோது முள் அசையவில்லை எனலாம். நீராவியும் கரியமில வாயுவும் மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் அது நன்கு அசைந்தது. பூமியைச் சூழ்ந்த நீராவி நீங்கினால் ஓரிரவில் பயிர்களெல்லாம் குளிரால் மடியும் என்று அவர் கண்டார். இன்று உலகம் வெப்பமடைவதைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இச்சோதனையை அடிப்படையாகக் கொள்கின்றனர். ஆயினும் அமெரிக்கப் பெண்மணியாகிய யூனிஸ் ஃபூட், 1856இலேயே, கரியமில வாயு நிரப்பிய குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டு எழுதியிருந்தார். ஞாயிற்றின் ஒளியையும் இருண்ட வெப்பக் கதிரையும் பிரித்தறியும் கருவி அவரிடம் இல்லை. அதனைச் செய்தவர் டிண்டாலே. எனினும் முதலில் ஐயுற்றுக் கேட்ட பெருமை அப்பெண்மணிக்கு உரியது. அவர் பெயரும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மறைந்தே கிடந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கி வாழும் இயல்பினர் அல்லர் டிண்டால். 1856இல் ஹக்ஸ்லியோடு ஆல்ப்சு மலைக்குப் பனியாறுகளை ஆராயச் சென்றவர், மலையேறுவதில் தீராக் காதல் கொண்டார். 4,500 மீட்டருக்கும் உயர்ந்த வைஸ்ஹார்ன் சிகரத்தில் 1861 ஆகஸ்டு 19ஆம் நாள் முதன்முதல் அடிவைத்தவர் அவரும் அவருடைய வழிகாட்டிகளுமே. 1864இல் மோர்ட்டராட்சு மலைச்சரிவில் பனிப்பாளம் பெயர்ந்து அவரையும் தோழரையும் அடித்துச் சென்றது. அரிதில் உயிர் தப்பினர். அவருடைய பொற்கடிகாரம் மட்டும் பனியில் தொலைந்தது. சில நாள் கழித்து அதனைத் தேடிச் சென்றவர், உருகிய பனியின்மேல் அது கிடப்பதைக் கண்டார். சாவி கொடுத்ததும் கடிகாரம் ஒன்றும் நேராததுபோல் ஓடத் தொடங்கிற்று.

வானத்தின் நீல நிறத்தையும் அவர் தம் கண்ணாடிக் குழாயினுள் வருவித்துக் காட்டினார். ஆவியினின்று மிக நுண்ணிய துகள்கள் உண்டாகுமாறு செய்து, அவற்றின்மீது வெண்ணிற ஒளியைப் பாய்ச்சினார். துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறின. 1869இல் செய்த இவ்வாராய்ச்சியைக் கணித முறையால் விளக்கியவர் ராலே பிரபு. துகள் இல்லாவிடினும் காற்றின் மூலக்கூறுகளே நீலத்தைத் தரும் என்று பின்னர் நிறுவியவரும் அவரே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் கடலின் நீலத்தைக் கண்டு எழுப்பிய வினாவும் இவ்வழியிலே வந்ததுதான். சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதை ராமன் 1928இல் கண்டார். கண்ணாடி இழையில் தளர்ந்து செல்லும் ஒளிக்கு வலிமையூட்ட இன்று அவ்விளைவையே பயன்படுத்துகின்றனர்.

காற்றில் மிதக்கும் தூசியை ஒளிக்கற்றையால் காணும் இம்முறை நோய்க்கிருமி ஆராய்ச்சிக்கும் துணை செய்தது. கண்ணாடி முகப்புடைய பெட்டி ஒன்றைச் செய்து, உட்சுவர்களில் கிளிசரின் தடவி, தூசியெல்லாம் அதில் ஒட்டும்வரை காத்திருந்தார். ஒளிக்கற்றை பெட்டியின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாதபோது காற்றுத் தூய்மையுற்றது என்று கொண்டு, கொதிக்க வைத்த இறைச்சிச் சாற்றினைத் திறந்த குழாய்களில் அங்கே வைத்தார். திங்கள் பல சென்றும் அது கெடவில்லை. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்று வாதிட்ட பாஸ்டியன் முதலியோர்க்கு இது தக்க மறுப்பாயிற்று. ஆனால் பிறிதொரு காலத்தில் அதே சோதனை தொடர்ந்து பிழைபட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டு வந்து வைத்த பழைய வைக்கோலே காரணம் என்றும், அதிலுள்ள கிருமி வித்துக்கள் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை என்றும் அவர் கண்டறிந்தார். வித்து முளைத்து மென்மையுறும் வரை இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் சிறிது நேரம் சூடேற்றினால் அவை அடியோடு மடியும் என்னும் முறையை 1877இல் வெளியிட்டார். அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

1867இல் பாரடே மறைந்தபின் ராயல் நிலையத்தின் தலைமை டிண்டாலிடம் வந்தது. ஆசானின் வரலாற்றை அவர் ஒரு சிறு நூலாக எழுதினார். 1872–73இல் அமெரிக்காவில் அவர் ஒளியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் அலைமோதியது. செலவு போக எஞ்சிய ஏறத்தாழ 13,000 டாலரையும் இயற்பியல் கற்கும் அமெரிக்க மாணவர்க்கே விட்டுவந்தார். பின்னாளில் அத்தொகை கொலம்பியா, ஹார்வர்டு, பென்சில்வேனியா ஆகிய பல்கலைக் கழகங்களில் உதவிச் சம்பளமாயிற்று. 1874இல் பெல்பாஸ்டு நகரில் அவர் ஆற்றிய தலைமையுரை, இயற்கையின் வரலாற்றை ஆராயும் உரிமை அறிவியலுக்கே உண்டு என்று முழங்கிச் சமயத் தலைவரின் சினத்தைக் கிளறியது.

கலங்கரை விளக்கங்களைப் பற்றி அரசினர்க்கு அறிவுரை கூறும் பொறுப்பும் பாரடேக்குப்பின் அவரைச் சார்ந்தது. அயர்லாந்தில் வாழ்ந்த விக்கம் என்பவர் எரிவாயுவால் ஒளிரும் சிறந்த விளக்கொன்றை அமைத்தார். அவருக்கு நேர்மையான வாய்ப்பு வழங்கப்படவில்லை என்று கண்ட டிண்டால், பலமுறை எடுத்துரைத்தும் பயனின்மையால் 1883இல் அப்பதவியைத் துறந்தார். பிரஸ்டனில் கடிதம் எழுதி வேலையிழந்த இளைஞர், அறுபது வயது கடந்தும் மாறவில்லை.

1876ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தைந்தாம் வயதில், அவர் லூயிசா ஹாமில்டன் என்னும் மங்கையை மணந்தார். உயர்குடியிற் பிறந்த அவ்வம்மையார் கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதியும், சோதனைகளில் உடனிருந்தும் துணை புரிந்தார். நெடுநாளாக உறக்கமின்மையால் வருந்திய டிண்டால் 1887இல் பணியினின்று ஓய்வு பெற்று, சர்ரே கோட்டத்திலுள்ள ஹைண்டுஹெட்டு என்னுமிடத்தில் தாம் கட்டிய இல்லத்தில் தங்கினார். இரவில் உறக்கத்திற்காகக் குளோரல் என்னும் மருந்தையும், வயிற்று நோய்க்காக மக்னீசியாவையும் உட்கொள்வது வழக்கம். 1893ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் காலையில், மக்னீசியா என்று கருதி மனைவியார் எடுத்துக் கொடுத்தது குளோரலாக அமைந்துவிட்டது. சுவை வேறுபட்டதால் பிழையை உணர்ந்த இருவரும் செய்யத்தக்கன யாவும் செய்தனர். மருத்துவரும் விரைந்து வந்தார். அன்று மாலையே டிண்டால் உயிர் நீத்தார். அவர் உடல் ஹேசில்மியர் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பெற்றது. ஜெனீவாவில் கொலாடன் காலமானதும் அவ்வாண்டு ஜூன் திங்களில்தான்.

லூயிசா அம்மையார் அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டி, படியெடுத்து, வகைப்படுத்தி, அவருடைய வரலாற்றைத் தாமே எழுதவேண்டும் என்று முயன்றார். பிறர் எழுத அவர் மனம் இசையவில்லை. எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகவே ஆண்டுகள் கழிந்தன. 1940ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது பெட்டி பெட்டியாகத் தாள்கள் இருந்தன. நூல் முடிவு பெற்றிலது. டிண்டாலின் முழு வரலாறு அதன்பின் வேறிருவரால் எழுதப்பெற்று, அவர் இறந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1945இல் வெளிவந்தது.